சாக்கில் வரைந்த முகம்

பேசாலை
08.02.1998

அன்புள்ள அக்காவுக்கு,

மாதாவின் காவலில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். மண்டபம் முகாமிலிருந்து மார்கழியில் நீங்கள் போட்ட கடிதம் நேற்றுத்தான் வந்தது. உறையை யாரோ திறந்து திரும்ப ஒட்டியிருந்தார்கள். அதனால் நானும் பார்த்துத்தான் எழுதுவேன். நீங்கள் சுகமா? மெரினா சுகமா, பல் முளைத்துவிட்டதா? பக்கத்து அறை அன்னப்பிள்ளை மாமியின் இருமல் குறைந்ததா? முகாமில் உங்களோடு ஒட்டிக்கொண்ட பூனை சுகமா?

அண்ணாவைப் பற்றிப் புதிதாக ஒன்றும் இல்லை. ஐப்பசியில் கோயில் திடலில் நடந்த சுற்றிவளைப்பில் அவரையும் மற்ற இரண்டு பேரையும் கொண்டுபோன நாளிலிருந்து அம்மா திங்கட்கிழமைகளில் மன்னாருக்குப் போகிறா. "பஸ்ரியன் எண்டு ஒருத்தரும் இஞ்ச இல்லை" என்று காம்ப் வாசலிலேயே சொல்லி அனுப்புகிறார்கள். அண்ணாவின் சேர்ட்டைத் தோய்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவா. அதே பையோடு வருவா. செவ்வாய்க்கிழமை அதைத் திரும்பவும் தோய்ப்பா.

நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். வகுப்பில் ரீச்சர் பெயர் கூப்பிட்டால் எனக்கு வாய் திறக்க வரவில்லை. வீட்டிலும் ஓம், இல்லை மட்டும்தான். கொழும்பிலிருந்து புதிதாக வந்த சிஸ்டர் ஜெசிந்தா சனிக்கிழமைகளில் பங்கு மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் படம் கீறவும் மண்ணில் உருவம் செய்யவும் பழக்குகிறார். பயந்து போயிருக்கும் பிள்ளைகளுக்கு அது மருந்து மாதிரியாம். உதவிக்கு என்னைக் கேட்டார். "இவள் பேச மாட்டாளே, சிஸ்டர்" என்றா அம்மா. "கலர்ப் பென்சில் சீவக் கதைக்கத் தேவையில்லையே" என்றார் சிஸ்டர். போகிறேன்.

உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

தங்கை
எமில்டா


மண்டபம் முகாம்
15.03.1998

என் அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் இங்கே கர்த்தர் கிருபையால் இருக்கிறோம். மெரினாவுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு. என்னையே கடிக்கிறாள். மாமிக்கு இருமல் இருக்கிறது, வாயும் குறையவில்லை. பூனைக்கு நாங்கள் தின்னாத மீன் எல்லாம் கிடைக்கிறது.

உன் அத்தான்தான் ஒரு மாதிரி. உனக்குத் தெரியும், சுற்றிவளைப்புக்கு மூன்று நாள் முன்னே அவரைப் பிடித்துப் பத்து நாள் வைத்திருந்துவிட்டுத்தான் விட்டார்கள். அடித்தார்கள் என்று மட்டும் சொன்னார். படகேறி இங்கே வந்தால் மாறும் என்று நினைத்தேன். கடலில் பிறந்த மனிதன் கடலுக்குப் போகவில்லை, கொத்து வேலைக்குப் போகிறார். மழை தூறினாலும் தலையில் துவாயைப் போட மாட்டார். மெரினா விளையாட்டாகச் சீலையால் அவர் முகத்தை மூடினாள். தட்டிவிட்டு வெளியே ஓடி வாந்தி எடுத்தார்.

எமி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு நீயும் வா. படகுக்கு ஆள் இருக்கிறது. அத்தானிடம் சொன்னேன். "அவள் வரமாட்டாள்" என்றார். ஏன் என்று கேட்டால் எழும்பி வெளியே போகிறார். நீ நேரில்தான் பேச மாட்டாய், கடிதத்திலாவது வாயைத் திற. நீ கீறின படம் ஒன்று அனுப்பு. இந்த அறையில் சுவர் சும்மா கிடக்கிறது.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

அக்கா
றோஸ்மேரி


பேசாலை
05.04.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். மெரினாவின் பல் செய்தியை அம்மா மூன்று வீட்டுக்குச் சொல்லிவிட்டா. நீங்களும் மாமியும் பூனையும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை ஒன்று நடந்தது. சிஸ்டர் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கலாம் என்றார், மிருகங்களின் கதை. நிவாரண மா வந்த வெள்ளைச் சாக்குகளைத் தோய்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டிக் கொண்டுவந்திருந்தார். "ஆர் சிங்கம், ஆர் நரி? தலையில போடுங்கோ பார்ப்பம்!" என்று சொல்லி, தானே ஒன்றைப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

பங்கு மண்டபத்தில் பதினெட்டுப் பிள்ளைகள். ஒவ்வொருவராக எழும்பி, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, சுவரோரம் வரிசையில் போய் நின்றார்கள். யாரும் சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளைகூட நின்றது. சிமியோன் அண்ணனின் மகள் பெனடிக்ரா நின்ற இடத்திலேயே சட்டையை நனைத்துவிட்டாள். சிஸ்டர் ஒன்றும் விளங்காமல் சாக்குக்குள்ளிருந்து "என்ன, என்ன?" என்று தலையை ஆட்டினார். அந்தத் தலை ஆடியதும் பெனடிக்ரா கண்ணை இறுக்கி மூடினாள். நான் ஓடிப்போய்ச் சாக்கை இழுத்துக் கழற்றினேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்குத் திடலில் கதிரையில் இருத்திய ஆளுக்கும் இப்படித்தான் சாக்குப் போட்டிருந்தார்கள். அவர் முன்னால் நாங்கள் இப்படித்தான் வரிசையில் நின்றோம். சாக்கு ஆடினால் ஆள் லொறியில், ஆடாவிட்டால் வீட்டில். பெனடிக்ராவின் தகப்பனும் அந்த லொறியில்தான் ஏறினார்.

சிஸ்டர் நிலத்தில் குந்தியிருந்து அழுதார். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார். பெரிய பிள்ளை ஒன்று, "நீங்கள் கேக்கேல்லையே, சிஸ்டர்" என்றது.

நீங்கள் கேட்ட படம் இதோடு இருக்கிறது. வலை இழுக்கிற மீன்காரன். அவசரமாகக் கீறியது.

தங்கை
எமில்டா


மண்டபம் முகாம்
24.05.1998

அன்புத் தங்கச்சிக்கு,

எங்களில் இரண்டு பேர் சுகம், ஒருவர் சுகமில்லை. அதனால்தான் இவ்வளவு நாளும் எழுதவில்லை.

உன் படத்தைச் சுவரில் ஒட்டினேன். மீன்காரனின் இடது காலில் நீ நாலு விரல்தான் போட்டிருக்கிறாய். திருக்கை முள் குத்தி அத்தானின் விரலை வெட்டி எடுத்ததை நினைத்து, தன்னைத்தான் கீறியிருக்கிறாள் என்று சிரிப்பார் என நினைத்தேன். அவர் படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு நிலத்தில் இருந்துவிட்டார். அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. படத்தைக் கழற்றவா என்றேன். "விடு, இருக்கட்டும்" என்றார். சோற்றுக் கோப்பையோடு அதன் முன்னால் போய் இருக்கிறார்.

இன்னொன்று, எமி. உன் கடிதங்கள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வாசித்தேன். கடிதம் எழுதினால் அந்த வீட்டில் உள்ள ஒருவரையும் விடாமல் பெயர் சொல்லிச் சுகம் விசாரிக்க வேணும் என்று அப்பா உயிரோடு இருக்கும்போது எங்களுக்குப் பழக்கினவர். நீ என்னைக் கேட்கிறாய், பிள்ளையைக் கேட்கிறாய், மாமியின் இருமலைக் கேட்கிறாய். பூனையைக்கூடக் கேட்கிறாய். ஒரு கடிதத்திலும் அத்தானைக் கேட்கவில்லை. அவர் கடிதம் வந்தால் முதலில் அதைத்தான் தேடுகிறார் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

உனக்கும் அவருக்கும் என்ன?

அக்கா
றோஸ்மேரி


பேசாலை
21.06.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீங்கள் சுகமா? மெரினா சுகமா?

படம் அவசரத்தில் கீறியது. நான் கால் கீறினால் எல்லாக் காலுக்கும் நாலு விரல்தான் வருகிறது என்று சிஸ்டரும் சொல்கிறார். எண்ணிக் கீறப் பழகுகிறேன்.

நாங்கள் அங்கே வரவில்லை. அண்ணா வந்தால் வீட்டில் ஆள் இருக்க வேணும் என்கிறா அம்மா.

வேறு விசேஷம் இல்லை.

எமில்டா


மண்டபம் முகாம்
19.07.1998

எமில்டாவுக்கு,

பிள்ளை சுகம். நான் சுகம் என்று எழுதினால் பொய்.

போன வியாழக்கிழமை காலை கடலில் கழுத்தளவு தண்ணீரில் அத்தான் நின்றிருக்கிறார். நீந்தவும் இல்லை, திரும்பவும் இல்லை. அடுத்த வரிசை அமிர்தநாயகம் அண்ணன் கண்டு, இறங்கி, கையைப் பிடித்துக் கொண்டுவந்தார். "என்னடாப்பா, நடந்தே ஊருக்குப் போகப் பார்த்தனியோ?" என்று பகிடி விட்டுக்கொண்டு வந்தார். ஆனால் அறை வாசல் வரும் வரை பிடித்த கையை விடவில்லை. இப்போது நாங்கள் மூன்று பேர் மாறி மாறி அவரோடு இருக்கிறோம். முகாம் டொக்டர் மருந்து கொடுத்திருக்கிறார்.

அவர் சொன்னது ஒன்றுதான். "எமிக்குத் தெரியும்." என்ன தெரியும் என்றால் வாயை மூடிக்கொள்கிறார். நீயும் மூடிக்கொள்கிறாய். ஒரே வீட்டில் இரண்டு ஊமைகள், நடுவில் கடல்.

நான் உன்னைத் தூக்கி வளர்த்தவள். எனக்காக எழுத வேண்டாம். அவருக்கு எழுது.

றோஸ்மேரி


பேசாலை
16.08.1998

அத்தானுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. சிஸ்டர் ஜெசிந்தா திருச்சிக்குத் தியானத்துக்குப் போகிறார். முகாமுக்கு வந்து உங்கள் கையில் தருவதாகச் சொன்னார். அதனால் எல்லாம் எழுதுகிறேன்.

அன்றைக்கு அண்ணா அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டுத் திடலுக்குப் போய்விட்டார். அம்மா அதை என் கையில் தந்து ஓடச் சொன்னா. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கதிரைக்கு நேரே நின்றார். அட்டையைக் கொடுத்தேன். கதிரையில் சாக்கு. சாக்குக்குக் கீழே சாரம். சாரத்துக்குக் கீழே இடது கால். எத்தனை தரம் அந்தக் காலில் மணல் போட்டு மூடி விளையாடியிருக்கிறேன்.

நான் "அத்தான்" என்றேன். கத்தவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது. சாக்கு என் பக்கம் திரும்பியது. பிறகு குனிந்தது. அண்ணாவின் தோளில் கை வைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். அட்டை அவர் கையில்தான் இருந்தது.

அக்கா நான் உங்களைக் கோபித்துக்கொண்டு சுகம் கேட்கவில்லை என்று நினைக்கிறா. கோபம் இருந்தது. இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் அது மட்டும் இல்லை. நான் கூப்பிட்டிராவிட்டால் சாக்கு திரும்பியிராது. அண்ணா வீட்டுக்கு வந்திருப்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல்லைச் சொல்லவும் எனக்குப் பயம். சொல்லு எங்கே போய் விழும் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், இங்கே பங்கு மண்டபத்தில் நடந்த ஒன்றுக்காக.

சாக்குகளை எரிக்கலாம் என்றார் சிஸ்டர். பிள்ளைகள் விடவில்லை. பாஸ்குக் காலத்தில் யேசுவின் பாடுகளைக் காட்ட மேடையில் ஆட்டுகிற உடக்குப் பொம்மைகள் மாதிரிச் செய்வோம் என்றார்கள். உருவத்தின் முகம் எல்லாருக்கும் தெரியும், பிடிக்கிற ஆள் கீழே ஒளிந்திருப்பார். "எங்கட முகத்தை மூடேலாது, சிஸ்டர். சாக்குக்குத்தான் முகம் வேணும்." சாக்குகளுக்குள் தேங்காய்த் தும்பும் பழைய வலைத் துண்டுகளும் அடைத்தோம். ஓட்டைகளைத் தைத்து மூடினோம். மேலே முகம் கீறினோம். நாய், சிங்கம், மீசைக்காரன், ஒரு கிழவி. சிஸ்டர் தலையில் போட்ட சாக்கை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அதை நான் எடுத்தேன். கண்களைக் கறுப்பு நூலால் தைத்தேன். மூக்கு வைத்தேன், வாய் வைத்தேன். பார்த்தால் உங்கள் முகம்.

மாதா திருநாளுக்கு ஆடிக் காட்டப் பழகிக்கொண்டிருந்தோம். அந்த உருவத்தைப் பிடித்தால் நான் சீலைக்குப் பின்னால் ஒளிந்து இருக்கலாம், பேசத் தேவையில்லை என்று சம்மதித்தேன். அப்போது ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று எழும்பி, நான் பிடித்திருந்த சாக்கைப் பார்த்துக் கதையில் இல்லாததைக் கேட்டது.

"உன்னைத்தான். ஏன் தலையாட்டினனீ?"

மற்றப் பிள்ளைகள் கிட்ட வந்து நின்றார்கள். சிஸ்டரும் தடுக்கவில்லை. பிள்ளை திரும்பக் கேட்டது. "காது கேக்காதோ? சாக்குக் காதோ? ஏன் ஆட்டினனீ?"

பத்து மாதத்துக்குப் பிறகு என் குரல் எனக்குக் கேட்டது. "எனக்குப் பயம்."

"அடிச்சவையோ?"

"ஓம்."

"எங்க?"

"எல்லா இடமும்."

பிள்ளை யோசித்தது. அடிக்கப் போகிறது என்று நினைத்தேன். அது தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, சாக்கின் வாயில் வைத்துச் சாய்த்தது. "அப்ப தண்ணியைக் குடி. குடிச்சிட்டு உண்மையைச் சொல்லு." மை கரைந்து என் கையெல்லாம் வழிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சீலைக்குப் பின்னால் அழுதேன்.

அத்தான், நீங்களும் குடியுங்கள். குடித்துவிட்டுச் சொல்லுங்கள். கடலுக்குள் போகாதேயுங்கள்.

எமில்டா


மண்டபம் முகாம்
06.09.1998

பிள்ளை எமில்டாவுக்கு,

சிஸ்டர் வாசலில் காத்துக்கொண்டு இருக்கிறா. நான் மூன்றாம் வகுப்புத்தான் படித்தவன். என் எழுத்து உனக்கு விளங்க வேணும்.

ஒருவருக்கும் ஆட்டாவிட்டால் றோஸ்மேரியையும் பிள்ளையையும் கொண்டுவருவோம் என்றார்கள். நான் இரண்டு பேருக்கு ஆட்டினேன். சிமியோனுக்கு. லூயிசுக்கு. அது நான் ஆட்டியது. பயம் என்று சொல்லலாம், அடி என்று சொல்லலாம். ஆட்டியது என் தலை.

பஸ்ரியனுக்கு ஆட்டவில்லை. அவன் வந்தபோது கழுத்தைக் கல்லு மாதிரி வைத்திருந்தேன். அவனை விட்டுவிட்டார்கள், அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார்கள். அப்போது நீ கூப்பிட்டாய். திரும்பினேன். ஓட்டைக்குள்ளால் உன் முகம் தெரிந்தது. நீ என்னைக் கண்டுகொண்டாய் என்று தெரிந்தது. வெட்கத்தில் தலை குனிந்துவிட்டது. அவர்கள் அதை ஆட்டினதாக எடுத்தார்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்தது. வாய் வரவில்லை. அது என்னுடைய பிழை. உன்னுடையது இல்லை.

பிள்ளை, அத்தானை அத்தான் என்று கூப்பிட்டது குற்றமில்லை. இதை எழுதத்தான் பேனை எடுத்தேன். நீ பேசு. பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, பேசு.

உன் அக்காவுக்கு இன்று காலை எல்லாம் சொல்லிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். தண்ணீர் கொடுத்த பிள்ளையின் வயதை எழுதினாய். பெயரை எழுதவில்லை. அது யாருடைய பிள்ளை?

சிங்கராசா


மண்டபம் முகாம்
04.10.1998

எமி,

மெரினா சுகம். இரண்டு அடி நடக்கிறாள்.

எனக்கு இப்போது தெரியும். தம்பி பஸ்ரியனும் என் வயிற்றில் பிறந்த பிள்ளை மாதிரித்தான். ஏழு நாள் நான் அவரோடு பேசவில்லை. சோறு வைத்தேன், பேசவில்லை. எட்டாம் நாள் மெரினா அவர் காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள், அந்தக் காலைத்தான். "பிடியுங்கோ, விழப்போறாள்" என்றேன். அவ்வளவுதான் பேசினது. இதற்கு மேல் இப்போதைக்கு என்னிடம் இல்லை.

கொத்து வேலைக்குத் திரும்பப் போகிறார். பின்னேரம் பிள்ளைகளுக்குக் கரியால் நிலத்தில் மீன் கீறிக் காட்டுகிறார். எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள். தபால் வருகிற நாளில் மட்டும் வாசலை விட்டு அசைய மாட்டார்.

அம்மாவுக்குச் சொன்னாயா?

றோஸ்மேரி


பேசாலை
06.12.1998

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். உங்கள் கடிதத்தை ஒரு மாதத்துக்கு மேல் கையில் வைத்திருந்தேன். இது தபாலில் வருகிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு திங்களும் சொல்ல நினைக்கிறேன். அவ பையைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறக்கும்போது முடிவதில்லை. போன திங்கள் நானும் கூடப் போனேன். வாசலில் நின்றவர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "அண்ணாவின் பெயரை ஒருக்காப் புத்தகத்தில பார்த்துச் சொல்லுங்கோ" என்று நான் கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். அவர் பார்த்தார். இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தா.

சனிக்கிழமைகளில் சின்னவர்களை இப்போது நான்தான் பார்க்கிறேன். பெயர் கூப்பிடுகிறேன், "வந்திருக்கிறன், அக்கா" என்கிறார்கள். அந்தச் சாக்கு உருவம் மண்டபத்தின் மூலையில் கதிரையில் இருக்கிறது. முகம் தண்ணீரில் கரைந்துபோனது. திரும்பக் கீறவா என்று பிள்ளைகளைக் கேட்டேன். வேண்டாமாம். சனிக்கிழமைகளில் வந்ததும் முதலில் அதனிடம் போய் நிற்கிறது அந்தப் பிள்ளை. சில நாள் அடிக்கிறது. சில நாள் தண்ணீர் கொடுக்கிறது. எந்த நாள் எது என்று யாருக்கும் தெரியாது.

அத்தான் ஒரு பெயர் கேட்டிருந்தார். சிமியோன் அண்ணனின் பெனடிக்ரா என்று சொல்லுங்கள். எழுதாமல் விடத்தான் நினைத்தேன். உண்மையைச் சொல்லு என்று அவள் கேட்டது அவரிடம்தான். ஒரு நாள் அவர் அவளுக்கு அதைச் சொல்ல வேணும். அதற்கு அவர் உயிரோடு இருக்க வேணும்.

நீங்கள் சுகமா, அக்கா? மெரினா விழாமல் நடக்கிறாளா? மாமியின் இருமல் எப்படி? பூனை சுகமா?

அத்தான் சுகமா?

தங்கை
எமில்டா